பிரேக் பிடிச்சா வண்டி ஆடுதா? காரணத்தைக் கண்டுபிடிப்போம், காசை மிச்சப்படுத்துவோம்



நம்ம பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் விளைகிற பொருள் எதுவும் தானாக நடந்து சந்தைக்குப் போவதில்லை. செட்டிகுளம், பாடாலூர் பக்கத்துச் சின்ன வெங்காயம் திருச்சி மண்டிக்குப் போக வேண்டும். வேப்பந்தட்டை, வேப்பூர் பக்கத்து மக்காச்சோளமும் பருத்தியும் வியாபாரியிடம் போய்ச் சேர வேண்டும். ஆண்டிமடம், செந்துறை முந்திரியும், திருமானூர், தா.பழூர் நெல்லும் வண்டி ஏறினால்தான் கையில் காசு. 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்தது. மக்கள் அதற்கு ‘குட்டி யானை’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சிறிய சரக்கு வண்டியும் பிக்கப் வண்டியும் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. கடன் வாங்கி வண்டி எடுத்த உறுப்பினர் குடும்பங்களும் நிறைய. வண்டியை வாடகைக்குப் பேசி விளைபொருளை ஏற்றும் குழுக்களும் நிறைய.

கூட்டங்களுக்குப் போகும்போது இந்தக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சு இது: “வண்டி நல்லாத்தான் ஓடுது. பிரேக் போட்டா மட்டும் கிடுகிடுன்னு ஆடுது. ஒரு தடவை சாமான் மாத்தியாச்சு. நாலு மாசத்துல மறுபடியும் அதே ஆட்டம். மெக்கானிக் இன்னும் ஏதோ மாத்தணும்ங்கிறாரு.”

ஒரே பழுதுக்கு இரண்டு முறை செலவு செய்தால் கடன் தவணை கட்ட வேண்டிய பணம் அங்கே போய்விடும். செலவு ஒரு பக்கம், ஆபத்து இன்னொரு பக்கம். அதனால் இந்த ஆட்டம் ஏன் வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்தால் திரும்ப வராது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

இது நம்ம வேலையா?

“வண்டி விஷயம் எல்லாம் ஆம்பளைங்க பார்த்துப்பாங்க” என்று சில சகோதரிகள் சொல்வார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து நம்முடையது. தவணை கட்டுவதும் நாம். அப்புறம் ஒர்க் ஷாப் பில் மட்டும் எப்படி நமக்குப் புரியாத விஷயமாக இருக்க முடியும்?

ஒரு பழைய கதை சொல்கிறேன். நடந்த கதைதான். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மா, தன் கணவர் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மகன்களோடு சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த தாய் வீட்டுக்குக் கிளம்பினார். மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் அதற்கு முன் யாரும் போனதில்லை. வழியில் இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. அவர் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, பிரேக் கட்டையின் மேல் தோலை வைத்து அடிக்கச் சொன்னார். இன்றைக்கு நாம் ‘பிரேக் லைனிங்’ என்று சொல்லும் சாமானுக்கு அதுதான் தொடக்கம். பிரேக்கைப் பற்றி யோசித்துச் சரியான வழி சொன்னது ஒரு பெண், அதுவும் பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய். நம்மால் முடியாதா என்ன?

வண்டி ஓட்டத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவருக்கும் ஆட்டம் தெரியும். எங்கே தெரிகிறது, எப்போது தெரிகிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

நாம் பார்க்கும் சிறிய சரக்கு வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின் சக்கரத்தில் டிரம் பிரேக் இருக்கும்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு இரும்புத் தட்டு. அதன் இரண்டு பக்கமும் பிரேக் பேட் என்ற தேய்மானக் கட்டைகள் இருக்கும். பெடலை மிதித்தால் காலிபர் என்ற பிடிப்பான் அந்தக் கட்டைகளைத் தட்டின் மேல் அழுத்தும். சுற்றுகிற தோசைக்கல்லை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி நிறுத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம் என்பது கவிழ்த்த சட்டி மாதிரி. அதற்குள்ளே பிறை வடிவத்தில் இரண்டு பிரேக் ஷூ இருக்கும். மிதித்தால் அவை விரிந்து சட்டியின் உள்சுவரில் உரசும். ஹேண்ட் பிரேக்கும் பெரும்பாலும் இந்தப் பின் சக்கர ஷூவைத்தான் இழுக்கும்.

உரசினால் சூடு வரும். எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் பாருங்கள். வண்டியும் லோடும் சேர்த்து ஒன்றரை டன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை ஒரே ஒரு முறை முழுக்க நிறுத்த, பிரேக் வாங்கிக்கொள்ளும் சூடு, ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகப் போதும். அடுப்பே இல்லாமல்! வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. 40-ல் நிறுத்துவதற்கும் 80-ல் நிறுத்துவதற்கும் அவ்வளவு வித்தியாசம். லோடு கூடினாலும் அதற்குத் தக்கபடி சூடு கூடும்.

பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதை எல்லோரும் உணர்ந்திருப்போம். அதனால் முன் சக்கர பிரேக்குக்குத்தான் அதிக வேலை, அதிக சூடு. ஆட்டம் பெரும்பாலும் முன்னால் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஏன் ஆடுகிறது?

உங்க வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட சைக்கிள் எங்காவது மோதி ரிம் கொஞ்சம் நெளிந்துவிட்டது என்று வையுங்கள். பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்த இடம் வரும்போது ‘டக்’ என்று பிடிக்கும், அப்புறம் விடும். வண்டியிலும் இதே கதைதான். சிறிய சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.7 மீட்டர் போகிறது என்று வைத்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 10 சுற்று. நொடிக்கு 10 முறை பிடித்து விட்டால் அதுதான் நமக்குக் கிடுகிடு ஆட்டமாகத் தெரிகிறது.

மெக்கானிக் பெரும்பாலும், “டிஸ்க் வளைஞ்சு போச்சும்மா” என்பார். பேச்சு வழக்கில் அப்படிச் சொல்வது உண்டு. ஆனால் பல நேரம் தட்டு வளைந்திருக்காது. தட்டின் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் போயிருக்கும். ஒரு இடம் தடிப்பு, ஒரு இடம் மெலிவு. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கி அதில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே காலில் தெரிய ஆரம்பிக்கும். கண்ணால் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இந்த வித்தியாசம் எப்படி வருகிறது? இதுதான் முக்கியமான இடம். கவனமாகப் படியுங்கள்.

டிஸ்க் தட்டு, ஹப் என்ற நடுப்பாகத்தின் முகத்தில் ஒட்டி உட்கார வேண்டும். அந்த முகத்தில் துருவோ, காய்ந்த சேறோ, மண்துகளோ இருந்தால் தட்டு மயிரிழை சாய்ந்து உட்காரும். புதுசு போட்ட அன்றைக்கு ஆட்டமே இருக்காது. ஆனால் சாய்ந்த தட்டு சுற்றும்போது, பிரேக் போடாத நேரத்திலும் ஒரே இடம் பேடில் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். அப்போது ஆட்டம் தொடங்கும். “புதுசு போட்டும் நாலு மாசத்துல மறுபடியும் வந்துருச்சு” என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். தட்டை மாற்றினார்கள், தட்டு உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்யவில்லை. வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டின கதை.

வேறு காரணங்களும் உண்டு:

1. வீல் நட்டை ஒன்று இறுக்கமாக, ஒன்று தளர்வாக முடுக்குவது. பஞ்சர் ஒட்டிய பிறகு ஆட்டம் வந்தது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் ஒவ்வொரு நட்டாக அடித்து இறுக்கினால் தட்டு ஒரு பக்கம் இழுபடும்.

2. காலிபர் நகரும் பின் இறுகிக்கொள்வது. நம்ம பகுதியில் செம்மண் புழுதி, வயல் சேறு, அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் தூசி எல்லாம் உண்டு. ரப்பர் உறை கிழிந்திருந்தால் தூசி உள்ளே போய் கிரீஸ் காய்ந்துவிடும். பிரேக்கை விட்ட பிறகும் பேட் தட்டை விடாது. அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் கொதிக்கும்.

3. பேடின் பொருள் தட்டில் திட்டாக ஒட்டிக்கொள்வது. வேகமாக வந்து பலமாகப் பிரேக் போட்டு, கொதிக்கிற பிரேக்கை மிதித்தபடியே நிற்கும்போது இது நடக்கும்.

4. டிரம் வட்டம் கெட்டுப்போவது. நல்ல சூட்டில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து நிறுத்தி வைத்தால் அப்படியே ஆற, வட்டம் லேசாக மாற வாய்ப்பு உண்டு.

5. வீல் பேரிங், பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, புஷ் தேய்ந்திருப்பது. இவை ஆட்டத்தை உண்டாக்கும். பிரேக்கில் உள்ள சின்ன ஆட்டத்தைப் பெரிதாகவும் காட்டும்.

6. அதிக லோடு. முதலில் வந்த டாடா ஏஸ் வண்டிக்குச் சரக்கு அளவு 750 கிலோ. ஒரு மூட்டை 60 கிலோ என்றால் 12 மூட்டை ஏற்றினால் 720 கிலோ. அதோடு சரி. “இன்னும் எட்டு மூட்டைதானே” என்று ஏற்றினால் 1,200 கிலோ. மிச்சமாகிற ஒரு நடை வாடகையைப் பிரேக்கும் டயரும் தின்றுவிடும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை ஆர்.சி. புத்தகத்திலும், வண்டிக் கையேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் எங்கே தெரிகிறது? எப்போது தெரிகிறது?

டாக்டரிடம் போனால், “எங்க வலிக்குது? எப்ப வலிக்குது? சாப்பிட்டதும் வலிக்குதா, வெறும் வயித்துல வலிக்குதா?” என்று கேட்பார் இல்லையா? அதே மாதிரி வண்டியையும் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: பிரேக் போடாதபோதும் ஆடுகிறதா? பிரேக் போடாமலே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆட்டம் வந்து, வேகம் கூடினால் குறைந்தால், அது பெரும்பாலும் வீல் பேலன்ஸ், டயர் வீக்கம், ரிம் நெளிவு. பிரேக் சாமானை மாற்றினால் அது போகாது. பிரேக் போட்டால் மட்டும் ஆடினால், பிரேக் பக்கம் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: எங்கே தெரிகிறது?

ஸ்டியரிங் கையில் ஆடினால் – முன் சக்கர டிஸ்க், அல்லது முன் பக்க பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, பேரிங்.

பெடல் காலை மேலும் கீழும் தள்ளினால் – டிஸ்க் கனம் வித்தியாசம், அல்லது டிரம் வட்டம் கெட்டது.

ஸ்டியரிங் சும்மா இருக்க, சீட்டும் பின் பாடியும் ஆடினால் – பின் சக்கர டிரம்மைப் பாருங்கள்.

ஒரு பக்கம் இழுத்தால் – ஒரு பக்க காலிபர் இறுகியிருக்கலாம், எண்ணெய் கசிந்து பேடில் பட்டிருக்கலாம், டயர் காற்று வித்தியாசமாக இருக்கலாம்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டியில், வழுக்கும் ரோட்டில் சட்டென்று பலமாக மிதிக்கும்போது மட்டும் பெடல் ‘கடகட’வென்று துடித்தால் அது பழுது அல்ல. அந்தக் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். சாதாரணமாக மிதித்தாலே துடித்தால்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: காலையில் முதல் கிலோமீட்டரிலேயே ஆடுகிறதா, ஓடிச் சூடேறிய பிறகா? காலி வண்டியிலா, லோடோடா? எந்த வேகத்தில்?

நான்காவது கேள்வி: ஆட்டம் தொடங்குவதற்கு முன் என்ன வேலை நடந்தது? பஞ்சரா? டயர் மாற்றமா? பேட் மாற்றமா? இல்லை, வண்டி தண்ணீரில் இறங்கியதா?

முன்னாலா பின்னாலா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. அனுபவம் உள்ள ஓட்டுநர், காலி வண்டியில், ஆள் நடமாட்டம் இல்லாத காய்ந்த நேர்ரோட்டில், 30 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக இழுக்க வேண்டும். ஆட்டம் வந்தால் பின் டிரம் மேல் சந்தேகம். ஆட்டம் இல்லாமல் வேகம் குறைந்தால் முன் டிஸ்க் மேல் சந்தேகம். நெடுஞ்சாலையிலோ, ஈர ரோட்டிலோ, வேகத்திலோ இதைச் செய்து பார்க்கவே கூடாது.

இன்னொன்று. ஓடி வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அனலாக அடித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடிக்கிறது.

ஒர்க் ஷாப்பில் என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?

வண்டியை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்கு அண்டைக்கல் வைத்த பிறகுதான் வேலை. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது.

முதலில் நட்டுகளைப் பார்க்க வேண்டும். அப்புறம் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங், பால் ஜாயின்ட் பக்கம். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? டை ராட் எண்டு பக்கம்.

அடுத்து டிஸ்க். நீலம் பாய்ந்திருக்கிறதா, வரி வரியாக அறுத்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். கனத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. மைக்ரோமீட்டர் வைத்துச் சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்க வேண்டும். தட்டு சாய்ந்து சுற்றுகிறதா என்பதை டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு கருவியும் இல்லாத இடத்தில், “டிஸ்க் போச்சு” என்று சொன்னால் அது அனுமானம்தான். அந்தக் கருவி உள்ள இடத்தில் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டுச் செலவு செய்வது நல்லது.

காலிபர் பின் கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். பேட் இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மெலிந்து ஒன்று தடித்து இருந்தால் காலிபர் இறுகியிருக்கிறது என்று அதுவே சாட்சி சொல்லும்.

பிரேக் தூசி விஷயத்தில் ஜாக்கிரதை. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அது நுரையீரலைக் கெடுக்கும். கம்ப்ரஸர் காற்று அடித்தோ, வாயால் ஊதியோ தூசியைப் பறக்க விடக் கூடாது. ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

சரிசெய்வது எப்படி?

நட்டு தளர்வு என்றால் எல்லா நட்டையும் தளர்த்தி, எதிரெதிராகக் குறுக்கு வாட்டில், கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

காலிபர் இறுகியிருந்தால் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் போட்டு, கிழிந்த ரப்பர் உறையை மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் பேட் மட்டும் மாற்றினால் புதுப் பேடும் ஒரு பக்கமாகவே தேயும்.

டிஸ்க் கனம் வித்தியாசம் என்றால் இரண்டு வழி. தட்டில் ‘குறைந்தபட்ச கனம்’ என்று ஒரு எண் பொறித்திருக்கும். லேத்தில் கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் கனம் மிஞ்சும் என்றால் கடையலாம். மிஞ்சாது என்றால் புதுசுதான் போட வேண்டும். மெலிந்த தட்டு சூடு தாங்காது. டிரம்மில் இதற்கு நேர்மாறாக ‘அதிகபட்ச விட்டம்’ என்று எண் இருக்கும். கடைந்த பிறகு அதைத் தாண்டக் கூடாது. விரிசல் விட்டது எதுவாக இருந்தாலும் கடையக் கூடாது, மாற்ற வேண்டும்.

இடமும் வலமும் ஜோடியாகச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் வண்டி இழுக்கும். டிஸ்க் மாற்றினால் பேடையும் மாற்றுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேல், புதுசோ கடைந்ததோ மாட்டுவதற்கு முன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் துரு போகச் சுத்தம் செய்ய வேண்டும். மாட்டியபின் டயல் கேஜ் வைத்து ஒரு முறை பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலை. இந்தக் கால் மணி நேரம்தான் அடுத்த வருஷத்துச் செலவைத் தடுக்கிறது.

புதுப் பேட் போட்டதும் அதைப் பழக்க வேண்டும். காலி ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை மிதமாகக் குறைக்க வேண்டும், முழுக்க நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரை கிலோமீட்டர் ஓடி ஆற விட்டு, இப்படிச் சுமார் 15 முறை. முதல் 200, 300 கிலோமீட்டருக்குச் சட்டென்று பலமாகப் பிரேக் போடாமல் ஓட்டச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

சண்டை போட வேண்டாம். மரியாதையாகவே கேட்கலாம்.

“அண்ணே, அளந்து பாத்தீங்களா? எவ்வளவு இருந்துச்சு? தட்டுல எவ்வளவு போட்டிருக்கு?”

“இது ஏன் இப்படி ஆச்சு? காலிபர், ஹப், நட்டு எல்லாம் பாத்தாச்சா?”

“மாத்தின பழைய சாமானைக் குடுத்துடுங்க. சாமான், கூலி, லேத் செலவு தனித்தனியா எழுதி பில்லு குடுங்க.”

தொழில் தெரிந்த மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சொல்லப்போனால் சந்தோஷப்படுவார். அறிகுறியைச் சரியாகச் சொல்கிறவர்களிடம் அவருக்கும் வேலை சுலபம்.

மறுபடி வராமல் இருக்க

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல், இரண்டாவது கியரில் இன்ஜின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும். பச்சைமலை, கொல்லிமலை போகிறவர்கள் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கினால் டீசல் மிச்சம் என்று நினைப்பது தப்பு. முழுப் பாரமும் பிரேக் மேல்தான் விழும்.

நீண்ட ஓட்டம் ஓடி வந்ததும் சக்கரத்தில் பச்சைத் தண்ணீர் அடிக்கக் கூடாது. சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றின மாதிரி ஆகும். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கழுவுங்கள்.

சூட்டோடு சமதளத்தில் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஆறிய பிறகு ஹேண்ட் பிரேக் இழுத்துக்கொள்ளலாம். சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் இரண்டும் வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. டாட் 3, டாட் 4 என்று மூடியில் எழுதியிருப்பதையே ஊற்ற வேண்டும். வேறு எண்ணெய் ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

எப்.சி. காட்டினோமே, போதாதா என்று இருக்க வேண்டாம். 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு வருஷா வருஷமும் எப்.சி. எடுக்கிறோம். நடுவில் வண்டி எவ்வளவோ ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

பெடல் தரை வரை இறங்கினால், இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால், கருகல் வாடையோ புகையோ வந்தால், வண்டி ஒரு பக்கம் பலமாக இழுத்தால், சக்கரத்தில் ‘கடக் கடக்’ சத்தம் வந்தால், அன்றைய லோடு போனாலும் பரவாயில்லை, வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பின்னால் பஸ்ஸும், கண்டெய்னரும் வேகமாக வருகின்றன. அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகள். அங்கே ஒரு நொடி தாமதமாக நின்றாலும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். களை எடுக்க, வெங்காயம் அறுக்க, விசேஷத்துக்குப் போக என்று நம்ம பெண்கள்தான் சரக்கு வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போகிறோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவதும் பெரிய சிக்கல். பிரேக் ஆடுகிற வண்டியில் பிடிமானம் இல்லாமல் நிற்பது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதுதான். “ஏறுங்கக்கா, பக்கத்துலதானே” என்று யார் கூப்பிட்டாலும் ஏற வேண்டாம்.

குழு என்ன செய்யலாம்?

சேமிப்புப் பணம் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாம் கணக்கு எழுதுகிறோம், கையெழுத்து வாங்குகிறோம். லட்சக் கணக்கில் கடன் வாங்கி எடுத்த வண்டிக்கு ஒரு நோட்டு வேண்டாமா? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், என்ன அறிகுறி, எங்கே தெரிந்தது, லோடு எவ்வளவு, என்ன வேலை செய்தோம், எவ்வளவு செலவு. ஓட்டுபவர் சொல்லட்டும், வீட்டில் எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். மறுபடி ஆட்டம் வந்தால் அந்த நோட்டை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். போன முறை என்ன மாற்றினோம், எத்தனை கிலோமீட்டரில் திரும்ப வந்தது என்று அதுவே பேசும்.

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அடுத்த கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கும்படி செய்யுங்கள். வண்டி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவரைத் தன் அனுபவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு மெக்கானிக்கை அழைத்து, வண்டியை நிறுத்தி, டிஸ்க் எது, டிரம் எது, காலிபர் எது என்று நேரில் காட்டச் சொல்லுங்கள். ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது கேலி பேசினவர்களும் இருந்தார்கள். இன்றைக்குப் பெண் சைக்கிள் ஓட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வண்டியின் பழுதைப் பற்றிப் பேசுவதும் அப்படித்தான் ஆகும். யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

வண்டி ஆடினால், “எங்க ஆடுது? எப்ப ஆடுது? ஏன் ஆடுது?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள்.